சாவி என் சட்டைப் பையில் இருந்தது: எங்கள் தெருச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும், செயலாளர் அக்காவுக்கும், சங்கக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் பார்த்துவரும் பொருளாளர் ஐயாவுக்கும், தெருவில் உள்ள எல்லா வீட்டாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. தெருவின் இரு முனைகளிலும் கேமரா; வடக்கு முனையில் இரவு 10 மணிக்குப் பூட்டும் இரும்பு கேட். கேட்டுக்கு என்ன ஆகும் என்று என்னிடமே விலை கேட்டிருக்கிறீர்கள். கிரில் பட்டறை வைத்திருக்கிறான், இதே தெருவில் குடியிருக்கிறான், நகையைப் பறிகொடுத்தவனும் அவனே, எனவே மறுக்க மாட்டான் என்று நினைத்திருப்பீர்கள். 26 வருடமாகக் கம்பி வளைத்துப் பிழைக்கிறேன்; வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன நாள் கிடையாது. இந்த வேலையை மட்டும் இப்போதைக்கு எடுக்கவில்லை. காரணத்தைக் கூட்டத்தில் சொன்னால் யாராவது குறுக்கிடுவார்கள், பேச்சு கேமரா விலைக்குத் திரும்பிவிடும். அதனால் எழுதுகிறேன். பிழை திருத்தியவள் என் மகள்.

ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறீர்கள். இரண்டு சவரன் சங்கிலியும் இரண்டு போனும் போயின, என் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது என்பது வரைதான் தெரியும். உள்ளே நடந்த ஆறேழு நிமிடத்தை வீட்டாரிடம் துண்டு துண்டாகக் கேட்டு நான் இப்போதுதான் ஒட்டவைத்திருக்கிறேன்.

அன்றிரவு நான் மணலியில், ஒரு கிடங்கின் ஷட்டர் வேலையில் இருந்தேன். வீட்டில் என் மனைவி, ஏழாவது படிக்கும் மகள், 71 வயது அம்மா. இரண்டு மணி வாக்கில் மாடிப்படியில் காலடிச் சத்தம். மனைவி அரைத் தூக்கத்தில், "வந்துவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறாள். இருட்டிலிருந்து "ம்" என்று பதில் வந்தது. அவள் புரண்டு படுத்துவிட்டாள்.

அந்த "ம்"மை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட எத்தனை கேள்விக்கு நான் வெறும் "ம்" சொல்லியிருப்பேன்! வழிப்போக்கன்கூடச் சொல்லிவிடக் கூடிய பதிலைத்தான் நான் என் வீட்டில் பழக்கி வைத்திருந்தேன்.

விழித்துக்கொண்டது மகள்தான். அம்மாவின் காதருகே போய், "அப்பா செருப்போடு உள்ளே வர மாட்டாரே" என்றிருக்கிறாள்.

மனைவி தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். அழைத்தது யாரை? என்னை. நான்கு முறை. நானோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தேன். போன் பைக்குள் கிடந்தது. போன் வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்துவிட்டது. அவன் வந்து அதையும் பிடுங்கிக்கொண்டான். போலீசுக்கு ஏன் அழைக்கவில்லை என்று மறுநாள் அவள்மீது பாய்ந்தேன். "எது நடந்தாலும் முதலில் எனக்குச் சொல் என்று சொன்னது நீங்கள்தானே?" என்றாள். சொல்லியிருக்கிறேன். பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

அம்மா எழுந்து "யாருடா அது?" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார். வாசலில் என் கிரில் கேட். 12 மில்லி சதுரக் கம்பி. என் கையாலேயே வெல்டு வைத்தது. பட்டறைக்கு வருபவர்களிடம் "என் வீட்டு கேட்டைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லும் கேட். இரவு வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவது என் வழக்கம், திரும்பி வரும்போது யாரையும் எழுப்ப வேண்டாமே என்று. சாவி மணலியில், என் சட்டைப் பையில் இருந்தது. மாற்றுச் சாவி பீரோவில். பீரோவின் முன்னால் அவன்.

அம்மா அந்தக் கம்பியைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அவன் சத்தத்தை நிறுத்த ஓடி வந்து அவரைத் தள்ளினான். தையல் மெஷின் காலில் மோதிக் கை முறிந்தது. அவன் வந்த வழியே, மொட்டை மாடி ஏறிப் போய்விட்டான். திருடனுக்கு வழி இருந்தது. என் வீட்டாருக்குத்தான் இல்லை.

அவன் எப்படி வந்தான் என்று தொழில்காரனாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மாடிக் கதவு பழைய மரக் கதவு. தாழ்ப்பாள் நல்ல கனமானது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. தாழ்ப்பாள் போய் விழும் கொண்டியை நிலையில் பிடித்திருந்தவை முக்கால் அங்குலத் திருகாணி இரண்டு. கதவிடுக்கில் கம்பியை விட்டு ஒரே நெம்பு. கொண்டி மரத்தூளோடு பெயர்ந்து படியில் கிடந்தது. நாம் கடைக்குப் போனால் பூட்டைத்தான் கையில் வைத்து எடை பார்க்கிறோம். பூட்டு தொங்குகிற நாதாங்கியை, அதைப் பிடிக்கிற ஆணியை யாரும் பார்ப்பதில்லை. மரத்தை முழுதும் துளைத்து மறுபக்கம் நட்டுப் போட்டு முறுக்கிய போல்ட்டை நெம்புவதற்கு நேரம் பிடிக்கும், சத்தமும் வரும். செலவு சொற்பம். இந்த வேலையை உங்கள் எல்லோருடைய மாடிக் கதவுக்கும் கூலி வாங்காமல் செய்து தருகிறேன். போல்ட்டும் நட்டும் மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

நம் தெருவில் வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். மாடிகளுக்கு நடுவே இருப்பது இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர். பசங்கள் காற்றாடி விட்ட காலத்தில் முதல் வீட்டில் ஏறிக் கடைசி வீட்டில் இறங்குவார்கள். அவனும் அப்படித்தான் வந்தான். தெருமுனையில் கேமரா இருந்திருந்தால் அன்றிரவு அதில் பதிவாகியிருப்பது இரண்டு நாயும் ஒரு பால் வண்டியும்தான். கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னைப் போலீசார் "மூன்றாவது கண்" என்று பெயர் வைத்துக் கடைக்குக் கடை கேமரா வைக்கச் சொன்னார்கள். அதனால் பிடிபட்டவர்களும் உண்டு. ஆனால் பிடிபடுவது பிறகு நடப்பது. உள்ளே அவன் நிற்கும் அந்த ஆறு நிமிடம் வீட்டிலிருப்பவர்களுடையது. அந்த நேரத்துக்கு நம் தெருவில் ஒரு வீடும் தயாராக இல்லை.

கேட் விஷயத்தில் இன்னொன்று. இது மாநகராட்சித் தெரு. பூட்டு போட நமக்கு உரிமை உண்டா என்று முதலில் விசாரியுங்கள். நள்ளிரவில் 108 வண்டி வந்து நின்றால் சாவி யாரிடம் என்று தேடுவோமா? பூட்டிய கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொள்வது எப்படியிருக்கும் என்று என் அம்மாவைக் கேளுங்கள்.

இனி, அன்று விடிந்தபின் நடந்தது. இதை எழுதாமல் விடலாம் என்று மனைவி சொன்னாள். முடியவில்லை.

ஐந்தரை மணிக்குக் குப்பையில் பாட்டில் பொறுக்கிக்கொண்டு வந்த பையனைப் பிடித்து மின்கம்பத்தில் கட்டினோம். "கட்டினார்கள்" என்று எழுத எனக்கு வாய்ப்பில்லை. கயிறு என் பட்டறைக் கயிறு. ஆளுக்கு ஓர் அறை. நானும் கொடுத்தேன். வலதுகையைத் துணியில் தொங்கவிட்டபடி அம்மா வாசலுக்கு வந்து பார்த்தார். "என்னைத் தள்ளியவன் நம் வீட்டு நிலைப்படியில் குனிந்து போனான். இவன் என் தோளுக்கு இருக்கிறான். அவிழ்த்து விடுங்கள்" என்றார். ரோந்துக் காவலர் வந்துதான் அந்தப் பையனை அழைத்துப் போனார். உதடு கிழிந்திருந்தது. அவன் யார், எந்த ஊர் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் அந்தப் பேச்சு வரவில்லை. 2018 மே மாதம் பழவேற்காட்டில், குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியை நம்பி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அந்தச் செய்தியைப் படித்து "என்ன ஜனங்கள்!" என்று சொன்னவன் நான்.

என் வாடிக்கையாளர் ஒருவர் ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் வக்கீல். அவரிடம் கேட்டேன். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்புரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தன் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. சூரியன் மறைந்தபின், உதிக்கும்முன் வீட்டை உடைத்து நுழைபவனிடம் அந்த உரிமை மிக வலுவானது. ஆனால் இரண்டு கட்டுப்பாடு. தேவைக்கு மேல் ஓர் அடியும் கூடாது என்கிறது 37வது பிரிவு. உடைத்து நுழைந்தவன் உள்ளே இருக்கும்வரைதான் அந்த உரிமை தொடரும் என்கிறது 43வது பிரிவு. அவன் மாடி தாண்டிப் போனபின், அதுவும் கம்பத்தில் கட்டியபின், அடிப்பது தற்காப்பு ஆகாது, அடித்தவன் குற்றவாளி. கண்ணெதிரே ஜாமீனில் வெளிவர முடியாத கடுங்குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம். பிடித்தால் காலம் கடத்தாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். "இதையெல்லாம் தெருவுக்குச் சொல்லுங்கள்" என்றார் வக்கீல். சொல்லிவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்திருக்கிறோம் என்று சொல்கிறேன். முதல் வேலையாக அந்தப் பூட்டை உள்பக்கத்துக்கு மாற்றினேன். சாவிக்கு ஓர் ஆணி: கேட்டிலிருந்து உள்ளே நிற்பவர் எட்டினால் கிடைக்கும், வெளியிலிருந்து குச்சி விட்டால் எட்டாது. குச்சி என்றது விளையாட்டுக்கு அல்ல. ஜன்னலோரம் வைத்த போனைக் கம்பி வழியாகக் குச்சியால் இழுத்துப் போவது நமக்குப் புதிதா? அந்த ஆணியிலிருந்து சாவியை எடுத்து வேறு இடத்தில் வைப்பவர் யாராயிருந்தாலும் அன்று ராத்திரிச் சாப்பாடு அவர் செலவு. இதுவரை நான்தான் இரண்டு முறை பரோட்டா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அம்மா சொல்வது போல், மின்கசிவில் ஃபிரிட்ஜ் தீப்பிடித்தாலும் அதே ஆணிதான் காப்பாற்றும்.

அடுத்து, "ம்" ஒழிந்தது. இரவில் யார் வந்தாலும் வீட்டுக்குள் ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். எங்களுடையதை இங்கே எழுத முடியாது; உங்களுடையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையென்றால் எழுந்து போய்ப் பார்ப்பது கிடையாது.

பிறகு எங்கே போவது? வீட்டுக்குள் திருடன் வந்தால் ஓர் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ளுங்கள் என்று எங்கோ படித்துவிட்டு மகள் சொன்னாள். அம்மா சிரித்தார். நம் வீடுகளில் ஏது அறை? ஒரு கூடம், திரைச்சீலை தொங்கும் ஓர் உள்பகுதி, சமையற்கட்டு. உள்ளிருந்து தாழிடும் கதவு குளியலறைக்கு மட்டும்தான். சரி, அதுவே அறை என்று முடிவு செய்தேன். பிளாஸ்டிக் கதவைக் கழற்றிவிட்டு இரும்புத் தகடு அடித்த கதவு போட்டேன், உள்ளே மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள். மூன்று பேர் நெருக்கி நிற்கலாம். பக்கத்து வீட்டுக்குப் பொதுச் சுவரும் அங்கேதான். உள்ளே ஓர் ஆணியில், தட்டிச் சத்தம் எழுப்ப, எவர்சில்வர் தட்டும் கரண்டியும். மாடத்தில் எப்போதும் சார்ஜில் ஒரு பழைய பட்டன் போன்.

யார் என்ன செய்வது என்பதும் பேசி முடித்தாகிவிட்டது. மகள் போன் செய்வாள், 100 அல்லது 112. என்னை அழைப்பது அதற்கு அப்புறம். சொல்லவேண்டியதை ஒரே மூச்சில் சொல்லப் பழக்கியிருக்கிறோம்: தெருப் பெயர், வீட்டின் பழைய எண், புதிய எண், பக்கத்தில் உள்ள கோயில், உள்ளே எத்தனை பேர், ஆயாவுக்கு ஓட முடியாது. சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் குழப்பினால் வண்டி வேறு வாசலில் போய் நிற்கும். லாக் போட்ட போனிலும் அவசர அழைப்பு போகும் என்பது என் மனைவிக்கு அன்றுவரை தெரியாது. 2017 முதல் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9 எண்ணை அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகவேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. உங்கள் போனில் அது எப்படி என்று செட்டிங்ஸில் பார்த்து வையுங்கள். ஸ்மார்ட் போன் வைத்திருப்பவர்களுக்குக் "காவல் உதவி" செயலி இருக்கிறது. வண்டி எத்தனை நிமிடத்தில் வரும்? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் அது வேறு கணக்கு. அதுவரைக்கும் தட்டுதான்.

ஞாயிறு இரவு விளக்கை அணைத்துவிட்டு ஒத்திகை பார்க்கிறோம். நான் திருடன். முதல் முறை மூவரும் உள்ளே போய்த் தாழிட 70 விநாடி ஆனது. அம்மா கண்ணாடியைத் தேடினார். இரண்டாம் முறை பாதி வழியில் திரும்பிப் பீரோவுக்குப் போனார். "சாவி கேட்டால் கொடுத்துவிடுங்கள், வழியில் மட்டும் நிற்காதீர்கள், அவன் போகிற வழியை மறிக்காதீர்கள்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "உன் அப்பா வாங்கிக் கொடுத்த வளையல் அதில் இருக்கிறது" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? மறுநாள் வளையலைக் கொண்டுபோய் வங்கி லாக்கரில் வைத்தோம். அடுத்த ஒத்திகையில் 25 விநாடி. பிள்ளையைப் பயமுறுத்துகிறாயே என்று நீங்களே சிலர் என்னிடம் கேட்டீர்கள். ஆடி முழுவதும் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கிய பெண், ஒத்திகை தொடங்கியபின் விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அன்று வெள்ளிக்கிழமை. கைரேகை எடுக்க வருவதற்குள் மனைவி பீரோவைத் துடைத்து, வீடு முழுக்க பினாயில் போட்டுக் கழுவி, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டாள். அந்நியன் மிதித்த வீடு என்று அவளுக்கு அருவருப்பு. வந்தவர் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார், ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலிக்கு ரசீதும் இல்லை, படமும் இல்லை. கடைசியில் கல்யாண ஆல்பத்தில் அவள் கழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினோம். நகையைப் படமெடுத்து எடையோடு எழுதி வையுங்கள். போன் பெட்டியில் இருக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அதே நோட்டில் எழுதுங்கள். தொலைந்த போனை முடக்க அந்த எண் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்று சத்தம் கேட்டிருக்கிறது. "நீங்கள்தான் வந்து சண்டை போடுகிறீர்கள் என்று நினைத்தேன், புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று படுத்துவிட்டேன்" என்று அழுதார். அவர்மேல் தப்பில்லை. ஒரே சுவரை வைத்துக்கொண்டு வாழ்கிறோம். கேட்பதைக் கேட்காதது போல் இருப்பது நம் நாகரிகம். அதனால்தான் எந்தச் சத்தம் சண்டை, எந்தச் சத்தம் ஆபத்து என்று முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும். தட்டுச் சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலும் விளக்கு எரியவேண்டும், எல்லோரும் அவரவர் ஜன்னலிலிருந்து தட்டைத் தட்டவேண்டும், மூன்று பேராவது 100க்கு அழைக்கவேண்டும். யாரும் தனியாகக் கட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடக் கூடாது. யாரையும் கம்பத்தில் கட்டக் கூடாது. இதைத் தீர்மானமாகவே எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

மாடி விளக்குகளுக்குக் கேமராப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கலாம். தனியாக இருக்கும் பெரியவர்கள் நம் தெருவில் ஐந்து வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தட்டைக் கையில் கொடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் பொறுப்பு என்று பெயர் போட்டு வைக்கலாம். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறியதுமே குடும்பத்தோடு படம் பிடித்துத் தெருக் குழுவில் போடுவதை மட்டும் தயவுசெய்து திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். (தலைவர் அண்ணன் கோபிக்கக் கூடாது.)

வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் கூடலாம். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, டீ அவர் போடுகிறார். வீட்டுக்கு ஒருவராவது தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எவர்சில்வர் தட்டாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தட்டையும் தட்டிப் பார்த்துவிட்டோம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கிரில் பட்டறைக்காரன்,
தண்டையார்பேட்டை